‘ரேம்’: விமர்சகர் தள்ளியதும் ரசிகர் தாங்கியதும்

பால் மெக்கார்ட்னியின் தனி ஆல்பத்தை 1971-இல் பத்திரிகைகள் கடுமையாகக் கண்டித்தன. வாங்கிக் கேட்டவர்கள் அதைக் கைவிடவில்லை. அந்த வழக்கில் காலம் தன் தீர்ப்பைச் சொல்ல 40 ஆண்டுகள் ஆயின.

1971-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதியிட்ட ‘ரோலிங் ஸ்டோன்’ இதழைக் கையில் எடுத்த அமெரிக்க இளைஞர்களுள் பலர், அதற்கு ஏழு வாரங்கள் முன்பே கடைக்கு வந்துவிட்ட பால் மெக்கார்ட்னியின் ‘ரேம்’ இசைத்தட்டை வாங்கி, வீட்டில் பலமுறை சுழலவிட்டு, அதிலுள்ள 12 பாடல்களில் தமக்கு உகந்தவை எவை என்பதை ஒருவாறு தீர்மானித்து வைத்திருந்தவர்கள். அந்த இதழில் ஜான் லாண்டாவ் என்ற 24 வயது விமர்சகர், அறுபதுகளில் தோன்றி வளர்ந்த ராக் சங்கீதம் சிதைந்துகொண்டே வந்து இதுவரை தொட்ட அடிமட்டம் இந்த ஆல்பமே என்றும், பொருட்படுத்தவே தகுதியற்ற அற்பமான படைப்பு இது என்றும் எழுதியிருந்தார். தாம் நேசித்த ஒன்றை அச்செழுத்தில் இவ்வாறு இகழக் கண்ட ரசிகர் என்ன செய்வது? கோபிப்பதா, வெட்கப்படுவதா, அல்லது தம் செவியையே சந்தேகிப்பதா? ராக் சங்கீதத்தின் சரித்திரத்தில் இந்தக் கேள்வி எத்தனையோ முறை எழுந்திருக்கிறது. ஆயினும் ‘ரேம்’ விஷயத்தில் போல அது கூர்மையாக எழுந்ததும், அதற்குக் காலம் இவ்வளவு தெளிவாக விடை அளித்ததும் அபூர்வம்.

பிரிவின் நிழலில் பிறந்த ஆல்பம்

அந்த விமர்சனங்களின் கடுமையை உணர வேண்டுமானால், அவை எழுதப்பட்ட காலத்தின் மனநிலையை முதலில் உணர வேண்டும். 1970 ஏப்ரலில், தம் முதல் தனி ஆல்பமான ‘மெக்கார்ட்னி’யோடு சேர்த்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய கேள்வி-பதில் தாள் ஒன்றின் வாயிலாகவே, பீட்டில்ஸ் என்னும் குழு இனி இல்லை என்பதை பால் உலகத்துக்கு உணர்த்தினார். அவ்வாண்டின் கடைசி நாளன்று, மற்ற மூன்று தோழர்களையும் எதிர்வாதிகளாகச் சேர்த்து, கூட்டாண்மையைக் கலைக்க வேண்டுமென்று லண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1971 மார்ச் 12-ஆம் தேதி நீதிமன்றம் அவருடைய வாதத்தை ஏற்றுக் குழுவின் சொத்து விவகாரங்களைக் கவனிக்க ஓர் அதிகாரியை நியமித்தது. ஆலன் க்ளைன் என்ற நிர்வாகியின் பிடியிலிருந்து விடுபடுவதற்கு வேறு வழி தெரியாமலே பால் இவ்வாறு செய்தார் என்பதும், எதிர்த்து நின்ற மூவருமே 1973-இல் அதே நிர்வாகியைக் கைவிட நேர்ந்தது என்பதும் பின்னால் வெளிப்பட்ட உண்மைகள். ஆனால் 1971-இல் கோடிக்கணக்கான ரசிகர்களின் கண்ணுக்குத் தென்பட்டதெல்லாம், தாம் தெய்வமாகக் கொண்டாடிய நட்பை ஒருவர் நீதிமன்றத்துக்கு இழுத்தார் என்ற ஒரே காட்சிதான்.

இதற்கிடையே, பால் தம் மனைவி லிண்டாவுடன் நியூயார்க் சென்று, 1970-இன் இலையுதிர்காலத்திலிருந்து அடுத்த ஆண்டின் வசந்தம் வரை, நீதிமன்றத்துக்காக லண்டன் போய்வந்த நாட்கள் நீங்கலாக, இந்த ஆல்பத்தை உருவாக்குவதில் ஈடுபட்டிருந்தார். டென்னி சைவெல் என்ற டிரம்ஸ் கலைஞரையும், டேவிட் ஸ்பினோசா, ஹியூ மெக்ராக்கன் என்ற இரு கிட்டார் கலைஞர்களையும் தேர்ந்தெடுத்து, சில பாடல்களுக்கு நியூயார்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் கலைஞர்களையும் வரவழைத்து, பகலில் குடும்பஸ்தரைப்போல் ஒழுங்காக வேலை செய்து அவர் இதை முடித்தார். ஸ்காட்லாந்திலிருந்த தம் பண்ணையில் ஒரு செம்மறிக் கடாவின் கொம்புகளை பால் பற்றிக்கொண்டு நிற்கும் அட்டைப்படத்தை எடுத்தவர் லிண்டா; ஆல்பம் முழுவதும் இழைந்திருக்கும் துணைக்குரலும் அவருடையதே; பாலும் லிண்டாவும் என இருவர் பெயரையும் தாங்கி வந்த ஆல்பம் இது ஒன்றே. 1968-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் அட்டையில் தம் புகைப்படம் இடம்பெறக் கண்ட முதல் பெண் புகைப்படக் கலைஞர் என்ற கீர்த்தி ஏற்கெனவே அவருக்கு இருந்தும், பாட்டு எழுதுவதில் அவருக்குப் பங்கு உண்டு என்பதைப் பதிப்பாளர்களும் நம்பவில்லை, பத்திரிகைகளும் நம்பவில்லை.

விமர்சகர்கள் எதை எதிர்பார்த்தார்கள்?

லாண்டாவ் ஒருவர் மட்டும் இவ்வாறு எழுதினார் என்று எண்ண வேண்டாம். லண்டனில் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ வார இதழின் ஆலன் ஸ்மித், இடைவிடாத சலிப்பூட்டும் பயணம் என்றும், மெக்கார்ட்னி செய்தவற்றுள் இதுவே ஆகக் கடைப்பட்டது என்றும் முடிவு கட்டினார். நியூயார்க்கின் ராபர்ட் கிறிஸ்ட்காவ், பள்ளிக்கூட ஆசிரியரைப்போல் ஆல்பங்களுக்கு எழுத்துக் குறி இடும் தம் வழக்கப்படி இதற்கு ‘சி பிளஸ்’ இட்டார். ‘மெலடி மேக்கர்’ இதழின் கிறிஸ் சார்ல்ஸ்வொர்த்தோ, யாருடைய அளவுகோலால் அளந்தாலும் இது நல்ல ஆல்பம்தான் என்றும், மெக்கார்ட்னி போன்ற ஒருவரிடம் நாம் மிகுதியாக எதிர்பார்த்துவிடுவதே தொல்லை என்றும் நிதானமாகக் கூறினார். அன்று எழுதப்பட்ட அத்தனையிலும் உண்மைக்கு மிக அருகில் சென்ற வாக்கியம் அதுவே.

அந்த எதிர்பார்ப்பு எத்தகையது? ராக் விமர்சனம் என்ற தொழிலே அப்போது இளமைப் பருவத்தில் இருந்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழே 1967 நவம்பரில்தான் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றியது. பொழுதுபோக்கு என்று பெரியவர்களால் ஒதுக்கப்பட்ட ஒரு சங்கீதத்தை, சமூகத்தையே மாற்றவல்ல கலையாக நிலைநாட்டுவதற்குப் பாடுபட்ட இளைஞர்களே அதன் விமர்சகர்கள். ஆகையால், கலைஞர் தம் நெஞ்சைப் பிளந்து காட்ட வேண்டும், அல்லது காலத்தின் கொந்தளிப்புக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்ற நியதி அவர்களிடையே வேரூன்றியிருந்தது. 1970 டிசம்பரில் பீட்டில்ஸ் தோழர் ஜான் லென்னன் வெளியிட்ட ‘பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்’ ஆல்பம், தாயை இழந்த துயரத்தையும் பழைய நம்பிக்கைகள் தகர்ந்த வேதனையையும் அலங்காரமின்றி ஓலமிட்டுச் சொல்லி, அந்த நியதிக்கு இலக்கணமாகவே வந்தமைந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு மற்றொரு தோழர் ஜார்ஜ் ஹாரிசன் வெளியிட்ட மூன்று தட்டுத் தொகுதியும் ஆன்மிகத் தேட்டத்தின் கம்பீரத்தால் போற்றப்பட்டது. இவற்றுக்குப் பின் வந்த ‘ரேம்’ எதைப் பாடிற்று? கிராமத்து வாழ்வின் சுகத்தையும், வீட்டில் உண்ணும் உணவையும், மனைவியின் காதலையும், விளையாட்டாகக் கோத்த சொற்களையும், ஒரே பாட்டுக்குள் மூன்று நான்கு மெட்டுகள் அடுக்கடுக்காக மாறிச் செல்லும் குதூகலத்தையும் பாடிற்று. வேதனையையே உண்மைக்கு அத்தாட்சியாகக் கொண்டவர்களின் செவிக்கு, இல்லறத்தின் ஆனந்தம் பொய்யாக ஒலித்ததில் ஆச்சரியம் இல்லை.

பழைய தோழர்களும் இந்தக் கண்டனத்தில் சேர்ந்துகொண்டனர். ஆல்பத்தில் ஒரு நல்ல மெட்டுக்கூட இல்லை என்று ரிங்கோ ஸ்டார் பத்திரிகைப் பேட்டியில் வருந்தினார். முதல் பாடலின் சில அடிகள் தம்மைக் குத்துகின்றன என்று லென்னன் கருதினார். அந்தக் கருத்து ஆதாரமற்றது அன்று என்பதைப் பிற்காலத்தில் பாலே ஒப்புக்கொண்டார். லென்னனின் பதில் அதே ஆண்டு வெளியான ‘இமாஜின்’ ஆல்பத்தில் ஒரு கசப்பான பாடலாக வந்தது. இவ்வாறு, ஓர் இசைத்தட்டின் குணதோஷங்களை ஆராய வேண்டிய இடத்தில், ஒரு குடும்பச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்ற விசாரணையே நடந்தேறியது.

ரசிகர்களின் மறுமொழி

விற்பனைப் பட்டியல்களை நோக்கினால், ரசிகர்கள் விமர்சகர்களின் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்பது உடனே விளங்கும். பிரிட்டனில் ‘ரேம்’ முதல் இடத்தை அடைந்தது. அமெரிக்காவில், அவ்வாண்டு 15 வாரங்கள் தொடர்ந்து முதல் இடத்தை விட்டு நகராத கரோல் கிங்கின் ‘டேபஸ்ட்ரி’ ஆல்பத்துக்கு அடுத்ததாக இரண்டாம் இடத்தை அடைந்தது. அதிலிருந்து தனியே எடுத்து வெளியிட்ட ‘அங்கிள் ஆல்பர்ட்’ என்று தொடங்கும் இரட்டைப் பெயர்ப் பாடல் 1971 செப்டம்பரில் அமெரிக்கப் பட்டியலின் முதல் இடத்தைப் பிடித்து, வாத்திய அமைப்புக்காக கிராமி விருதும் பெற்றது. ஆனால் இந்த எண்களைக் காட்டி விமர்சகரின் வாயை அடைத்துவிட முடியாது. பீட்டில்ஸ் என்ற பெயரின் மகிமைக்காகவே எதையும் வாங்கத் தயாராக இருந்தவர்கள் அன்று அநேகர். வாங்கியவர் எத்தனை பேர் என்பது ஒரு படைப்பின் பிரசித்திக்குச் சான்று ஆகுமேயன்றி அதன் தரத்துக்குச் சான்று ஆகாது. ரசிகரின் உண்மையான மறுமொழியை விற்பனைக்குப் பிந்திய ஆண்டுகளில்தான் தேட வேண்டும்.

விமர்சகரும் ரசிகரும் ஒரே தட்டைக் கேட்டாலும், கேட்கும் நிலைமை வேறு. விமர்சகருக்குத் தட்டு இலவசமாக வருகிறது. அதனுடன் அதே வாரத்தில் வேறு பல தட்டுகளும் வருகின்றன. அச்சுக்குப் போக வேண்டிய நாள் தலைக்கு மேல் நிற்கிறது. ரசிகரோ, அதிலும் அந்தக் காலத்து இளம் ரசிகர், தம் சொற்ப வருமானத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய தட்டை, அடுத்த தட்டு வாங்கும் வசதி வரும்வரை மீண்டும் மீண்டும் கேட்கிறார். முதல் நாள் விளங்காத ஒரு திருப்பம் பத்தாம் நாள் விளங்குகிறது. அற்பம் என்று தோன்றிய ஒரு துணைக்குரல், பின்னர் அந்தப் பாட்டின் உயிராகவே தெரிகிறது. புது மணமகளை ஒரு விருந்தில் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்லும் அயலாரும், அவளோடு வாழ்ந்து அவள் குணம் அறிந்தவரும் ஒரே மாதிரி பேச முடியாது அல்லவா? ‘ரேம்’ போன்று நுட்பங்கள் அடுக்கடுக்காகப் பொதிந்த ஆல்பத்துக்கு முதல் முறை கேட்பது ஒருபோதும் நியாயம் செய்யாது.

ஆயினும், விமர்சனத்தைப் படித்த ரசிகர்கள் எல்லாரும் இத்தகைய பொறுமையைக் கைக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. சிலர் கொதித்தார்கள், தம் ரசனையையே இழித்துரைத்ததாகக் கருதி விமர்சகரின் யோக்கியதையைக் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். லென்னன் கட்சி, மெக்கார்ட்னி கட்சி என்று பிரிந்து நின்றவர்களோ, பாட்டைக் கேட்கும் முன்பே தம் முடிவைத் தயார் செய்துகொண்டார்கள்; கலைஞர்களும் ‘மெலடி மேக்கர்’ பத்திரிகையின் பக்கங்களிலேயே பேட்டியும் பகிரங்கக் கடிதமுமாக ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்ட அந்தக் காலத்தில், ரசிகர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. ஆனால் இவ்விரு சாராரினும் பரிதாபத்துக்கு உரியவர் மூன்றாம் வகையினர்: பாட்டு தமக்குப் பிடித்திருந்தும், பத்திரிகையில் படித்த தீர்ப்புக்கு அஞ்சி, நண்பர் கூட்டத்தில் அதன் பெயரை எடுக்கவும் கூசி, தம் ஆனந்தத்தைத் தாமே மறைத்துக்கொண்டவர்கள். கடுமையான விமர்சனம் விளைக்கும் பெரிய தீங்கு, அது மூட்டும் கோபமன்று. எளிய மனிதர் ஒருவருக்குத் தம் செவியின்மீது இருந்த நம்பிக்கையை அது பறித்துவிடுவதே.

விமர்சகர் பகைவர் அல்லர்

இத்தனையும் சொன்ன பிறகு, விமர்சனமே வேண்டாதது என்று முடிவு கட்டினால் அது பெரும் பிழை. 1974 ஜனவரியில், நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பெரும்பகுதி பதிவு செய்யப்பட்ட மெக்கார்ட்னியின் ‘பேண்ட் ஆன் தி ரன்’ ஆல்பத்தைப் பற்றி ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் ஒரு விமர்சனம் வந்தது. லென்னனின் ‘பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்’ ஒன்றை வேண்டுமானால் விலக்காகக் கொள்ளலாமே தவிர, பீட்டில்ஸ் நால்வருள் எவரும் தனித்து வெளியிட்டவற்றுள் இதுவே ஆகச் சிறந்தது என்று அது போற்றியது. எழுதியவர் யார்? இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு ‘ரேம்’ ஆல்பத்தை அடிமட்டம் என்று சொன்ன அதே ஜான் லாண்டாவ். கண்டித்த பேனாவுக்கு மனமுவந்து பாராட்டவும் தெரிந்திருந்தது. ஆகவே முன்னைய கண்டனத்தில் தவறு இருந்திருக்கலாம், வஞ்சகம் இல்லை. 1971-இல் அவரைப் பகைவர் என்று வைத ரசிகர்களுள் எத்தனை பேர், 1974-இல் அதே நேர்மையோடு அவரைத் திரும்பப் பாராட்டியிருப்பார்கள்?

ரசிகர் கூட்டம் கவனிக்கத் தவறியதை விமர்சகர் கண்டுகொண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. ஸ்கிப் ஸ்பென்ஸ் என்ற கலைஞர் மனநோய் சிகிச்சைக்குப் பின் நாஷ்வில் நகரில் எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்துப் பதிவு செய்து, 1969-இல் வெளியிட்ட ‘ஓர்’ என்னும் தனி ஆல்பத்தை வாங்குவார் இல்லை. கொலம்பியா நிறுவனம் வெகு சீக்கிரத்தில் அதைத் தன் விற்பனைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. அந்த ஆண்டிலேயே அதன் அருமையை எடுத்துரைத்தவர் கிரெய்ல் மார்கஸ் என்ற விமர்சகர். முப்பது ஆண்டுகள் கழித்து, ராபர்ட் பிளாண்ட், டாம் வெயிட்ஸ், பெக் முதலிய கலைஞர்கள் அதன் பாடல்களைத் தாமே பாடி ஓர் அஞ்சலி ஆல்பம் வெளியிட்டபோது, அன்று தனியே ஒலித்த அந்தக் குரல் மெய்யென்று விளங்கியது. இதற்கு நேர் எதிராக, நீல் யங் 1972-இல் வெளியிட்ட ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பத்தை ‘ரோலிங் ஸ்டோன்’ விமர்சகர் தாழ்த்தி எழுத, அமெரிக்காவில் அவ்வாண்டு மிகுதியாக விற்ற ஆல்பமாக அது உயர்ந்து, இன்றளவும் விரும்பிக் கேட்கப்படுகிறது. ஆகையால் ‘விமர்சகர் எப்போதும் தவறு, ரசிகர் எப்போதும் சரி’ என்ற சூத்திரமும் செல்லாது; அதற்கு மறுதலையான சூத்திரமும் செல்லாது.

தீர்ப்பு மாறிய விதம்

‘ரேம்’ ஆல்பத்தின் கதியை மாற்றியது எந்தத் தனி மனிதரின் வாதத்திறமையும் அன்று. இடைவிடாமல் கேட்டு வந்தவர்களின் விசுவாசமே. ஒற்றை ஒலித்தடத்தில் வானொலி நிலையங்களுக்கென்று மட்டும் அச்சிட்ட ‘ரேம்’ தட்டை அவர்கள் அரும்பொருளாகத் தேடிச் சேகரித்தார்கள். முழு ஆல்பத்தையும் வாத்திய இசையாகப் பதிவுசெய்து வைத்து, 1977-இல் பெர்சி திரில்லிங்டன் என்ற கற்பனைப் பெயரில் பால் வெளியிட்டபோது, அந்த வேடத்துக்குப் பின்னே இருப்பவர் யார் என்று ஆராய்ந்தவர்களும் அவர்களே. அதன்பின், பீட்டில்ஸ் பிரிந்தபோது பிறந்தே இராத ஒரு தலைமுறை வந்தது. யார் யாரை நீதிமன்றத்துக்கு இழுத்தார், யார் யாரைப் பாட்டில் ஏசினார் என்ற வழக்குகளில் அந்தத் தலைமுறைக்குச் சிரத்தை இல்லை. பெரிய ஸ்டுடியோக்களின் பளபளப்பை வெறுத்து, வீட்டிலேயே சிறிய கருவிகளைக்கொண்டு பாட்டமைக்கப் புறப்பட்ட இளங்கலைஞர்களுக்கு, ‘ரேம்’ ஆல்பத்தின் இல்லறச் சூழலும் கட்டற்ற விளையாட்டும் குறையாகத் தோன்றவில்லை, வழிகாட்டியாகத் தோன்றின.

2012-இல் ஆல்பம் புதுப்பித்து வெளியிடப்பட்டபோது, புதிய தலைமுறையின் விமர்சன ஏடான ‘பிட்ச்ஃபோர்க்’ பத்துக்கு 9.2 மதிப்பெண் அளித்தது. 2020-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தயாரித்த எக்காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலில், தன் பக்கங்களிலேயே அடிமட்டம் என்று எழுதப்பட்ட ‘ரேம்’ ஆல்பத்துக்கு 450-ஆம் இடம் கிடைத்தது. ஐம்பதாம் ஆண்டான 2021-இல், அன்று டிரம்ஸ் வாசித்த டென்னி சைவெல் இளைய கலைஞர்களோடு சேர்ந்து, முழு ஆல்பத்தையும் மீண்டும் வாசித்து ஓர் அஞ்சலித் தட்டு வெளியிட்டார். இந்த மாறுதலைப் பார்த்து விமர்சகர்கள் தோற்றார்கள், ரசிகர்கள் வென்றார்கள் என்று கொண்டாடுவது மேலோட்டமான முடிவு. ஆல்பத்தின் மதிப்பை மீட்டுத் தந்தவர்களும் விமர்சகர்களே. ரசிகர்களாக வளர்ந்து விமர்சகர்களானவர்கள். விமர்சனத்தைத் திருத்தியது விமர்சனந்தான். அதற்கு வேண்டிய அவகாசத்தைக் காத்துக் கொடுத்தது, விடாமல் கேட்டவர்களின் அன்பு.

இன்றைய ரசிகரின் கடமை

இப்போது நள்ளிரவில் ஓர் ஆல்பம் வெளியாகிறது. விடிவதற்குள் விமர்சனமும் வருகிறது. அடுத்த நாழிகையில் விமர்சகரின் பெயரைத் தேடிப் பிடித்து ஏசுகிறவர்களும் திரண்டுவிடுகிறார்கள். 2024 ஏப்ரலில் டெய்லர் ஸ்விஃப்டின் ஆல்பத்துக்குக் கடுமையான விமர்சனம் ஒன்றை வெளியிட்ட அமெரிக்காவின் ‘பேஸ்ட்’ பத்திரிகை, எழுதியவரின் பெயரை வெளியிடாமல் மறைத்தது. 2019-இல் அதே பாடகியின் வேறொரு ஆல்பத்தை விமர்சித்தவருக்கு வன்முறை மிரட்டல்கள் வந்ததே காரணம் என்று அது பகிரங்கமாகவே சொல்லிற்று. ஒரு பாட்டைப் பற்றிய அபிப்பிராயத்துக்காக ஒரு மனிதர் அஞ்சி வாழ நேர்வது, எந்தக் கலைக்கும் எந்தக் கலைஞருக்கும் பெருமை தராது. அன்பின் பெயரால் செய்யப்படும் கொடுமை, வெறுப்பின் பெயரால் செய்யப்படும் கொடுமையினும் குறைந்தது என்று எண்ண நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, தம் அபிமானக் கலைஞரின் புதிய தனி ஆல்பம் பத்திரிகைகளில் இகழப்படுவதைக் கண்டு மனம் புண்படுகிற ரசிகருக்கு, ‘ரேம்’ ஆல்பத்தின் சரித்திரம் மூன்று கடமைகளை உணர்த்துகிறது. முதலாவது, விமர்சனத்தை முழுவதும் படிப்பது; பகைவரின் குரலாக அன்றி, தம்மைப்போலவே சங்கீதத்தில் ஈடுபட்டு, தம்மினும் வேறான ஓர் எதிர்பார்ப்போடு கேட்ட மனிதரின் சாட்சியமாக அதைப் படிப்பது. இரண்டாவது, தட்டை மீண்டும் கேட்பது, விமர்சகர் சுட்டிய குறை மெய்யாகவே இருக்கிறதா என்று கேட்பது, இருந்தால் ஒப்புக்கொள்வது. மூன்றாவது, அந்தக் குறையையும் கடந்து தம் உள்ளம் அந்தப் பாட்டில் ஒன்றுகிறதென்றால், அதை வெட்கமின்றிச் சொல்வது. ஏன் ஒன்றுகிறது என்று காரணத்தோடு சொல்வது. வசை எத்தனை உரத்து ஒலித்தாலும் ஒரு பாட்டின் ஆயுளை ஒரு நாளும் நீட்டாது. காரணத்தோடு கூடிய அன்பு மட்டுமே, தள்ளப்பட்ட படைப்பை அடுத்த தலைமுறையின் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவ்வாறு சேர்ப்பிக்கும் அதிகாரம் எந்தப் பத்திரிகைக்கும் இருப்பதைவிட, சிரத்தையோடு கேட்கும் ஒரு சாதாரண ரசிகரிடமே மிகுதியாக இருக்கிறது.